பேசலாமா? எழுதலாமா?

தாராவியில் 90 அடி சாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அங்கே ஓர் அக்கா இருக்கிறார். இட்லி வியாபாரம் செய்கிறார். விடியற்காலை 3 மணிக்கே அவர் வீட்டில் அடுப்பு எரியும். காலையில் மாட்டுங்கா பக்கம் இட்லிப் பாத்திரம் போகும்.

அக்காவுக்கு ஒரே மகன். பூனாவில் வேலை செய்கிறான். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அக்கா என்னிடம் குறைப்பட்டார்.

"தங்கச்சி, என் மகன் போனில் பேசுவதே இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. மெசேஜ்தான் அனுப்புகிறான். பெத்தவள் குரல் கசந்து போச்சா?"

"என்ன எழுதுகிறான் அக்கா?"

"பக்கத்து வீட்டுப் பையன்தான் படித்துச் சொல்வான். 'சாப்பிட்டாயா, நல்லா இருக்கிறாயா' என்று இருக்குமாம். அவ்வளவுதான்."

நண்பர்களே, இந்த மகனைப் போலப் பலர் இருக்கிறார்கள். பேசுவதைவிட எழுதுவதே அவர்களுக்கு வசதி. ஏன்?

1. சத்தம். பட்டறையிலும் ரயிலிலும் பேச்சுக் காதில் விழாது. எழுத்துக்குச் சத்தம் தடை இல்லை.

2. நேரம். போன் மணி அடித்தால் உடனே எடுக்க வேண்டும். மெசேஜ் காத்திருக்கும். இரவு வேலை பார்த்தவர் தூங்கி எழுந்து படிக்கலாம்.

3. கணக்கு. இந்தியில் ஏழுக்கு 'சாத்'. அறுபதுக்கு 'சாட்'. ஒருமுறை 60 இட்லி கேட்டவருக்கு அக்கா 7 இட்லி கொண்டுபோனார். எண்ணை எழுதி அனுப்பியிருந்தால் இந்தத் தவறு வராது.

4. கூச்சம். திக்கிப் பேசுகிறவர்கள் போனுக்கு அஞ்சுவார்கள். எழுத அஞ்ச மாட்டார்கள். காது கேளாதவர்களுக்கோ எழுத்து பெரிய துணை.

5. மனக் கஷ்டம். சில விஷயங்களைச் சொல்ல வாய் வராது. யோசித்து எழுதினால் சொல்லிவிடலாம்.

காசும் முன்பு ஒரு காரணமாக இருந்தது. நம் நாட்டில் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. அப்போது கட்டணம் மிக அதிகம். வருகிற போனை எடுத்தாலும் காசு. 2003இல்தான் அது இலவசமானது. உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அதற்கும் முன்னால் கடிதம்தான். மும்பைப் பெரிய தபால் ஆபீசுக்கு அருகே கடிதம் எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுதத் தெரியாத தொழிலாளிகள் அவர்களிடம் போவார்கள். வீட்டு ரகசியத்தை அந்நியரிடம் சொல்லித்தான் ஊருக்கு எழுத வேண்டும்.

இப்போது புரிகிறதா? அக்காவின் மெசேஜை வேறொருவர் படிக்கிறார். மகனுக்கு அது தெரியும். பிறகு எப்படி மனம் விட்டு எழுதுவான்?

அன்றே வகுப்பில் அக்கா ஒரு மெசேஜ் எழுதினார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். அரைமணி நேரம் ஆனது.

"மகனே இப்போது நானே படிக்கிறேன். அம்மா."

இரவு பதில் வந்தது. நீளமான பதில். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். மகனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. கடனும் இருக்கிறது. "உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் போனை எடுக்கவில்லை" என்று எழுதியிருந்தான்.

அக்கா மூன்று முறை படித்தார். பிறகு போன் செய்தார். மகன் எடுத்தான்.

"வீட்டுக்கு வா ஐயா. அடுப்பு எரிகிறது. இரண்டு பேரும் சேர்ந்து கடனை அடைப்போம்" என்றார்.

எழுத்து கதவைத் திறந்தது. குரல் ஆறுதல் சொன்னது. இரண்டும் நமக்கு வேண்டும்.

நினைவில் வையுங்கள்:
தீ, விபத்து என்றால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 112க்குப் போன் செய்யுங்கள்.
பாங்கு ரகசிய எண் மெசேஜில் வந்தால் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பேசுங்கள்:
1. மகன் ஏன் போனை எடுக்கவில்லை?
2. உங்கள் மெசேஜை யார் படிக்கிறார்கள்?

எழுதுங்கள்:
உங்களுக்கு வேண்டிய ஒருவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நீங்களே எழுதுங்கள்.