டிரோன் பாட்டரிகளைப் பராமரித்தலும் செல்களைச் சமனாக வைத்தலும்

நெல், உளுந்து, பருத்தி முதலிய பயிர்களுக்கு டிரோனைக் கொண்டு மருந்து தெளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 2022-ஆம் வருஷத்திற்குப் பிறகு பரவி வருகிறது. மிராசுதார்கள் சிலர் சொந்தமாகவே வாங்கியிருக்கிறார்கள்; வேறு சில ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்களும் பெண்களின் சுய உதவிக் குழுக்களும் வாடகைக்கு விடுகின்றன. இவர்களில் அநேகர் விசிறி இறக்கைகளையும், பம்பையும், தெளிப்பு முனைகளையும் நாள்தோறும் துடைத்து வைக்கிறார்கள்; பாட்டரியையோ சார்ஜரில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மற்ற உறுப்புகளைக் காட்டிலும் விரைவில் தேய்ந்து, பெருந்தொகை கொடுத்து மாற்றவேண்டியதாவது பாட்டரியே. அது நடு வானில் சோர்ந்தால், மருந்து நிறைந்த தொட்டியோடு யந்திரம் முழுவதும் வயலில் விழும்.

10 லிட்டர் தொட்டியுள்ள டிரோன்கள் பலவற்றில் இரண்டு பாட்டரிகள் ஜோடியாகப் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொன்றினுள்ளும் லித்தியம் பாலிமர் செல்கள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட்டு, முழுவதும் ஏற்றியபின் 4.2 வோல்ட்டு. ஆகவே ஆறு செல்களுக்கும் சேர்த்துச் சராசரி 22.2 வோல்ட்டும், நிறைந்த நிலையில் 25.2 வோல்ட்டும் ஆகும். பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பிகள் இரண்டும் மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுப்பவை. அவற்றோடு சிறிய வெள்ளைச் செருகியில் முடியும் மெல்லிய கம்பிகள் ஏழு உண்டு. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளப்பதற்கும் சமன் செய்வதற்கும் உரியவை இவையே. அற்பமாகத் தோன்றும் இந்தச் செருகியைக் கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றுவது தகாது.

களத்தில் தாள் மிதிக்கப் பிணைத்த மாடுகளில் ஒன்று நொண்டினால் பிணையல் முழுவதுமே அதன் நடைக்குத்தான் போகும். செல்களின் விஷயமும் அதுவே. பாட்டரியின் மொத்த அளவை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நொண்டி மாடு கண்ணில் படுவதில்லை. ஐந்து செல்கள் 3.8 வோல்ட்டிலும், ஆறாவது 3.2 வோல்ட்டிலும் இருப்பதாகக் கொள்க. மொத்தம் 22.2 வோல்ட்டு என்றே காட்டும். பார்ப்பவர் இன்னும் ஒரு முறை பறக்கவிடலாம் என்றே எண்ணுவார். ஆனால் நிறைந்த தொட்டியோடு யந்திரம் எழும்பும்போது அந்த ஆறாவது செல் 3 வோல்ட்டுக்கும் கீழே அமிழ்ந்துவிடும். அவ்வாறு ஒரு முறை அமிழ்ந்த செல் பழைய வலிவைப் பெறாது.

ஏற்றும்போது இதே குறை வேறு விதத்தில் தீங்கு செய்கிறது. சமன் செருகியை மாட்டாமல் தடித்த கம்பிகளின் வழியாக மட்டும் 25.2 வோல்ட்டு வரை ஏற்றினால், பின்தங்கிய செல் 4.0 வோல்ட்டில் நிற்க, மற்ற ஐந்தும் 4.24 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அளவு மீறி ஏற்றிய செல்லே உப்புவதற்கும், சில வேளைகளில் தீப்பற்றுவதற்கும் காரணமாகும். சமன் செய்யும் சார்ஜர், முந்திச் செல்லும் செல்களின் மிகுதியைச் சிறிது சிறிதாக வெப்பமாகக் கழித்து, பிந்தியது வந்து சேரும்வரை காத்திருக்கிறது. இந்த வேலை கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலும் நடைபெறுகிறது. சமன் செய்யும் மின்னோட்டமும் மிகச் சிறியது. அவசரத்தின் காரணமாகப் பாதியில் கழற்றுவோரும், விரைவு ஏற்றத்தையே வழக்கமாக வைத்துக்கொள்வோரும் இதன் பயனை இழக்கிறார்கள். 16 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரிக்கு 16 ஆம்பியருக்கு மேற்படாமல் ஏற்றுவது உத்தமம். ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். செல்லுக்கு 4.35 வோல்ட்டு வரை ஏற்றத்தக்க வேறு வகைப் பாட்டரிகளும் உண்டு. அவற்றிற்குரிய அமைப்பில் சாதாரணப் பாட்டரியை மாட்டிவிடக்கூடாது.

சமன் செய்யும் சார்ஜர் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழையே. அது உச்சியில்தான் செல்களைச் சமனாக்குகிறது. கொள்ளளவு குறைந்துபோன செல்லும் மற்றவற்றோடு 4.2 வோல்ட்டில் ஒழுங்காக வந்து நிற்கும். பறக்கத் தொடங்கியபின் அதுவே முதலில் வற்றும். ஆகையால் ஏற்றி முடித்தபின் ஒரு முறையும், யந்திரம் இறங்கிச் சிறிது நேரம் ஓய்ந்தபின் ஒரு முறையும் செல்களை அளக்கவேண்டும். ஏற்றியபின் வித்தியாசம் 0.03 வோல்ட்டுக்குள் அடங்கியிருந்தால் குறையில்லை. இறங்கியபின் ஒரே செல் திரும்பத் திரும்ப மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்திருக்குமாயின், அந்தப் பாட்டரியை நிறைந்த தொட்டியோடு பறக்கவிடுவது ஆபத்து. சமமாக ஏற்றி வைத்துச் சில நாள் உபயோகியாமலே ஒரு செல் மட்டும் தாழ்ந்துபோவது உட்கசிவின் அடையாளம். எவ்வளவு நேரம் சமன் செய்தாலும் அது தீராது.

டிராக்டரின் ஈயப் பாட்டரியை எப்போதும் நிறைத்தே வைக்கவேண்டும் என்பதைக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். அது சரியான வழக்கமே. அதே வழக்கத்தை லித்தியம் பாட்டரிக்கும் கைக்கொள்வதுதான் பெரும் நஷ்டத்திற்குக் காரணம். சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு கண்டு, மறுநாள் தெளிப்பதற்காக நான்கு ஜோடிப் பாட்டரிகளை ஏற்றி வைத்திருக்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது எனக் கொள்க. மழை விட ஒரு வாரமாகலாம். அந்த ஒரு வாரமும் நிறைந்த நிலையிலேயே கிடக்கும் பாட்டரிகள், பறக்காமலே வலிவை இழக்கின்றன. மழை இரண்டு மூன்று நாளில் விடாதெனத் தோன்றினால், சார்ஜரிலுள்ள சேமிப்பு அமைப்பைக் கொண்டு செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட்டு வரை இறக்கிவிடவேண்டும். சார்ஜர் இதை மெதுவாகவே செய்யும். மழை ஓய்ந்த வேளை வாய்த்தால், தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பிச் சில நிமிஷம் பறக்கவிட்டு இறக்கிக்கொள்வது சுலபம். தெளிக்கும் நாளின் விடியற்காலையில் ஏற்றுவது எல்லாவற்றிலும் நல்லது.

தாளடி அறுவடையும், அதன்பின் உளுந்து, பயறுகளுக்கு டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதும் முடிந்தபின் குறுவை வரையில் பாட்டரிகளுக்கு வேலை குறைவு. அக்கோடை மாதங்களிலும் மேற்சொன்ன அளவிலேயே வைத்து, மாதம் ஒரு முறை அளந்து, தாழ்ந்திருந்தால் அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளவேண்டும். தகரக் கொட்டகையும், வெயிலில் நிறுத்திய வண்டியும் இதற்குத் தகாத இடங்கள். இறங்கிய பாட்டரியைச் சூட்டோடு சார்ஜரில் மாட்டாமல் நிழலில் ஆறவிடவேண்டும். தண்ணீரில் நனைத்துக் குளிரச்செய்வது கூடாது.

ஜோடியாக வாங்கியவற்றை ஜோடியாகவே உபயோகிக்கவேண்டும். புதியதையும் பழையதையும் சேர்த்தால் பழையது முதலில் வற்றி, புதியதன் பயனையும் கெடுக்கும். 1-அ, 1-ஆ எனப் பெயின்டினால் குறியிட்டு வைத்தால் வேலையாட்கள் மாற்றி மாட்டமாட்டார்கள்.

சங்கத்திலோ குழுவிலோ டிரோன் இருக்குமிடத்தில் கிராம உத்தியோகஸ்தர்கள் இரண்டு விஷயங்களை வற்புறுத்தவேண்டும். முதலாவது, பாட்டரி ஒன்றுக்கு ஒரு பக்கமாகப் பதிவுப் புத்தகம்: தேதி, எத்தனையாவது ஏற்றம், ஏற்றியபின்னும் இறங்கியபின்னும் ஆறு செல்களின் அளவு. வாடகைக்கு எடுக்கும் மிராசுதார் இப்புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை. அவருடைய வயலின் மேல்தான் யந்திரம் பறக்கப்போகிறது. இரண்டாவது, ஏற்றும் இடம். வைக்கோற்போர், உர மூட்டைகள், டீசல் பீப்பாய், ஆட்கள் படுக்கும் அறை ஆகியவற்றிற்கு அப்பால், சிமெண்டுத் தரையில், ஆள் பார்த்திருக்க ஏற்றவேண்டும். இரவெல்லாம் ஏற்றவிட்டுத் தூங்குவது கூடாது. பக்கத்தில் உலர்ந்த மணல் வாளிகள் இருக்கட்டும். தீப்பற்றினால் மணல் அது அக்கம்பக்கத்தில் பரவாமல் தடுக்க உதவும். புகை நச்சுத்தன்மையுடையதாகையால் எட்ட நிற்பது அவசியம்.

உப்பியது, துளைபட்டது, ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்தது ஆகிய பாட்டரிகளைத் திரும்ப ஏற்றி உயிர்ப்பிக்க முயலாமல் வெளியில் தனியே வைத்துவிடவேண்டும். குப்பைக்குழியில் புதைப்பதும், பழைய இரும்புக்காரரிடம் போடுவதும் கூடாது. 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரையே சேர்ந்தது. புதியது வாங்கும்போதே விற்பனையாளரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.