பொம்மைக்காரர் செய்த நோயாளி

கேள்வி: எங்கள் நர்சிங் கல்லூரியில் சிபிஆர் பழகுவதற்கு ஒரு பெண் பொம்மை வைத்திருக்கிறார்கள். ‘ஆனி’ என்று பெயர். கண்டுபிடித்த டாக்டர் யார்? ஏன் பெண் முகம்?
— நர்சிங் மாணவி, கும்பகோணம்

டாக்டர் இல்லை, பொம்மை வியாபாரி. நார்வேயின் தென்மேற்குக் கரையில் ஸ்டாவங்கர் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஆஸ்முண்ட் லேர்டல் என்பவர் 1940-இல் ஒரு சின்ன கம்பெனி ஆரம்பித்தார். வாழ்த்து அட்டை, காலண்டர், சிறுவர் புத்தகம் என்று தொடங்கி மரப் பொம்மைக்குப் போனார். உலகப் போர் முடிந்ததும் மெத்தென்ற பிளாஸ்டிக் சந்தைக்கு வந்தது. லேர்டல் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் கார்கள் செய்து பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார். படுக்கவைத்தால் கண்ணை மூடும் பெண் பொம்மையும் செய்தார். அதன் பெயர் ஆனி. உங்கள் கல்லூரியில் இருப்பவளுக்கு அவள் அக்கா முறை.

தோல் மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக்கை வார்க்கத் தெரிந்தவரிடம் வேறு வேலைகளும் தேடி வந்தன. முதலுதவிப் பயிற்சிக்காகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் குடிமக்கள் பாதுகாப்புப் படைக்கும் போலிக் காயங்கள் செய்து கொடுத்தார். பிளாஸ்டிக் வெட்டுக்காயம், பிளாஸ்டிக் தீக்காயம். கம்பெனியின் மருத்துவ வியாபாரம் இந்த ஒட்டுக் காயங்களில் தொடங்கியது என்பது என் கணக்கு.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் டாக்டர் ஒரு துணிச்சலான சோதனை நடத்திக்கொண்டிருந்தார். அதுவரை நீரில் மூழ்கியவரைக் குப்புறப் போட்டு, முதுகை அழுத்திக் கையைத் தூக்குவதுதான் வழக்கம். அதைவிட வாயோடு வாய் வைத்து ஊதுவது மேல் என்று ஜேம்ஸ் ஈலம் என்ற டாக்டர் காட்டியிருந்தார். சஃபார் அதை நிரூபிக்க, தாமாக முன்வந்த ஆட்களுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்துப் படுக்கவைத்தார். மூச்சு நின்ற அவர்களுக்குச் சாதாரண மனிதர்களை விட்டு ஊதச் சொன்னார். தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கினால்தான் காற்று உள்ளே போகிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இந்தச் சோதனைக்கு அனுமதி தராது.

1958-இல் நார்வேயில் நடந்த மயக்கவியல் மாநாட்டில் சஃபார் இதைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸ்டாவங்கர் டாக்டர் பியோர்ன் லிண்டும் ஒருவர். ஊர் முழுக்க இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எதை வைத்துக் கற்றுக்கொடுப்பது? எல்லோருக்கும் மருந்து கொடுத்துப் படுக்கவைக்க முடியுமா? லிண்ட் உள்ளூர் பொம்மைக்காரரைத் தேடிப் போனார்.

லேர்டல் தயங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய இரண்டு வயது மகன் டோர் தண்ணீரில் மூழ்கிப் போக இருந்தான். ஓடிப்போய்த் தூக்கி, மூச்சுக்குழாயில் இருந்த நீரை வெளியேற்றிப் பிழைக்கவைத்தவர் அவரே. அந்த டோர்தான் 1981-இல் அப்பா இறந்த பிறகு கம்பெனியை நடத்தினார்.

பொம்மையின் தலையைச் சரியாகச் சாய்த்தால் மட்டுமே நெஞ்சு மேலெழும்படி அமைத்தார்கள். அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. நின்றுபோன இதயத்தை நெஞ்சுக்கு வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட்டலாம் என்று 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்கள் கட்டுரை எழுதினார்கள். முதல் பெயர் கூவன்ஹோவன். அவரும் டாக்டர் இல்லை, மின் பொறியாளர். இந்த அழுத்தத்தை உயிருள்ள ஆளிடம் பழக முடியாது, விலா எலும்பு போய்விடும். “பொம்மையின் நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் வையுங்கள்” என்று சஃபார் யோசனை சொன்னார். ஸ்பிரிங் வைத்த ஆனி 1960-லேயே விற்பனைக்கு வந்தாள்.

இனி முகம். மீசைக்காரப் பொம்மையாக இருந்தால் ஆண்கள் வாய் வைக்கக் கூச்சப்படுவார்கள் என்று லேர்டல் நினைத்தார். பெண் முகம் என்று முடிவானது. உறவினர் வீட்டுச் சுவரில் அவர் பார்த்திருந்த ஒரு முகமூடிதான் மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸின் சென் ஆற்றில் மூழ்கி இறந்த, பெயர் தெரியாத பெண்ணின் முகத்திலிருந்து வார்த்தது என்று அதைச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பிய வீடுகளில் அலங்காரமாகத் தொங்கியது. நான் சந்தேகக் கட்சி. நீரில் கிடந்த முகம் ஊதிப்போயிருக்கும். இவ்வளவு மழமழப்பாகப் புன்னகை செய்யாது. உயிரோடிருந்த யாரோ ஒரு பெண்ணின் முகத்தில் வார்த்ததாகவே இருக்கும் என்று நிபுணர்கள் பலரும் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும், உலகத்திலேயே அதிகம் முத்தமிடப்பட்ட முகம் இதுதான் என்று ஒரு பேச்சு உண்டு. முதலுதவி வகுப்பில் ஆனியைத் தோளில் தட்டிக் கேட்கும் கேள்வி மைக்கேல் ஜாக்சனின் பாட்டு ஒன்றில்கூட ஏறிவிட்டது.

கேள்வி: எங்கள் ஸ்கில் லேபில் பேசுகிற, மூச்சு விடுகிற பொம்மை வந்திருக்கிறது. சரி, சுற்றிலும் மாட்டியிருக்கும் கேமராக்கள் எதற்கு? பொம்மையைத் திருடிவிடுவோம் என்றா?
— எம்.பி.பி.எஸ். மாணவர், திருநெல்வேலி

உங்களைப் பிடிப்பதற்குத்தான், ஆனால் திருட்டுக்காக அல்ல.

கணினி வைத்த நோயாளி புதிது இல்லை. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1960-களிலேயே ‘சிம் ஒன்’ என்று ஒன்று இருந்தது. கண் சிமிட்டும், மூச்சு விடும். செலவு தாங்காமல் ஒன்றோடு நின்றது. கேமரா இந்தத் துறைக்குள் நுழைந்தது விமானிகளைப் பார்த்து. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா என்ற மயக்கவியல் டாக்டர் 1980-களின் நடுவில் ஒரு போலி ஆபரேஷன் தியேட்டர் அமைத்தார். விமானிகள் நெருக்கடியை ஒத்திகை பார்ப்பது போல டாக்டர்களும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒத்திகை முடிந்ததும் வீடியோவைப் போட்டுக் காட்டிப் பேசுவது அதில் முக்கியமான பாதி.

காரணம் எளிது. நெருக்கடியில் மனிதர்களின் நினைவு பொய் சொல்லும். அழுத்துவதை நிறுத்தவே இல்லை என்று சத்தியம் செய்பவர், ஊசி தேடும்போது நிறுத்திய அரை நிமிடத்தைத் திரையில் பார்த்து வாயடைத்துப் போவார். அட்ரினலின் கொடு என்று ஒருவர் சொல்ல, யாரிடம் சொன்னார் என்று தெரியாமல் நான்கு பேர் நிற்பதும் தெரியும். பொம்மை மட்டும் இருந்தால் கை பழகும். கூட்டு வேலை பழக கேமரா வேண்டும். முடிந்ததும் உட்கார்ந்து பேசும் டிப்ரீஃபிங் இல்லாத சிமுலேஷன் பாதிப் பாடம்.

லேர்டல் கம்பெனியும் இந்த வழிக்கு வந்தது. 2000-இல் ‘சிம்மேன்’ வந்தது. நாடித்துடிப்பு, இதய ஒலி, மூச்சு எல்லாவற்றையும் ஆசிரியர் கணினியிலிருந்து மாற்றலாம். பதிவு, மதிப்பீடு வேலைகளில் வேறு கம்பெனிகளும் இருந்தன. அந்த வேலையில் பெயர் வாங்கியிருந்த வாஷிங்டனின் பி-லைன் மெடிக்கலை லேர்டல் 2019-இல் வாங்கியது. பிளாஸ்டிக் வார்த்துக்கொண்டிருந்தவர்கள் அறை முழுக்கக் கேமரா வைத்துப் பதிவு செய்யும் மென்பொருள் விற்பவர்களாகவும் ஆன கதை இது. நம் நாட்டிலும் 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தோடு ஸ்கில் லேப் கட்டாயமானது. உங்கள் தலைக்கு மேல் கேமரா வந்த வழி அது.

கேள்வி: ஆனிக்கு முன்னால் இப்படிப் பொம்மையே கிடையாதா?
— தமிழாசிரியர், விருதுநகர்

நிறைய உண்டு. சீனத்தில் சொங் அரச காலத்தில், 1027 வாக்கில், வாங் வெய்யி என்ற மருத்துவர் அக்குபங்சருக்கு வெண்கல மனிதர்களைச் செய்வித்தார். துளைகளை மெழுகால் மூடி உள்ளே நீர் நிரப்புவார்கள். மாணவன் சரியான இடத்தில் ஊசி குத்தினால் நீர் கசியும். தேர்ச்சிக்கு வேறு அத்தாட்சி எதற்கு?

எனக்குப் பிடித்தவர் பிரான்சின் மருத்துவச்சி மதாம் து கூத்ரே. 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவரை ஊர் ஊராகப் பிரசவம் கற்றுக்கொடுக்க அனுப்பினார். துணியும் தோலும் வைத்துத் தைத்த இடுப்பும் குழந்தையும்தான் அவருடைய கருவி. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் கைப்பழக்கம் பெற்றார்கள். மிஞ்சிய ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லேர்டல்காரர்கள் 2010-இல் ஏழை நாடுகளுக்காகத் தனி நிறுவனம் தொடங்கி, நீர் நிரப்பும் பச்சிளங்குழந்தைப் பொம்மையையும், ஆசிரியர் வயிற்றில் கட்டிக்கொண்டு பிரசவம் நடத்திக்காட்டும் பொம்மையையும் கொண்டுவந்தார்கள். கூத்ரே அம்மையார் பார்த்திருந்தால் காப்புரிமை கேட்டிருப்பார்.

கேள்வி: பொம்மை வாங்க வசதி இல்லாத நாங்கள் என்ன செய்வது?
— ஆட்டோ ஓட்டுநர், மதுரை

வாங்க வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ஸ்டாண்டு நண்பர்களோடு சேர்ந்து போய் வாருங்கள். அதற்குள் யாராவது மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை ஓய்ந்தால் பக்கத்தில் நிற்பவரை மாற்றிவிடுங்கள்.