மாடி டேங்க் ரிலே கடகடக்கிறதா?

பூரணாங்குப்பம் மாதிரி கடலோர ஊரில் மாடி டேங்குக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். தண்ணீர் மட்டம் சொல்லும் மிதவை சென்சாரின் சிக்னலோடு இரைச்சலும் கலந்து வந்தால், மோட்டார் விட்டு விட்டு ஓடும். உடனே புது பாக்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

1. முதலில் லெவல் விளக்கு எப்போது மினுக்குகிறது என்று கவனியுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் மினுக்கினால் மின் இரைச்சல். மோட்டார் நின்றிருக்கும்போதும், அதிலும் பனி விழுந்த காலையில் மினுக்கினால், ஜாயின்ட்டில் உப்பு ஈரம். டேங்க் நிரம்பப் போகும் நேரத்தில் மட்டும் என்றால், விழும் தண்ணீர் எழுப்பும் அலை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

2. அலைக்கு எலெக்ட்ரானிக்ஸே வேண்டாம். மிதவை தாராளமாக ஏறி இறங்கும் அளவுக்கு ஒரு பி.வி.சி. பைப்பை டேங்குக்குள் செங்குத்தாக நிறுத்தி, அதற்குள் மிதவையை விடுங்கள். பைப்பின் அடியில் சின்னதாக இரண்டு மூன்று ஓட்டை, மேலே காற்றுக்கு ஒன்று. வெளியே எவ்வளவு தளும்பினாலும் பைப்புக்குள் மட்டம் நிதானமாகவே ஏறும். இதைவிட மலிவான ஃபில்டர் கிடையாது.

3. சென்சார் ஒயரையும் மோட்டார் ஒயரையும் ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். வீடு கட்டும்போது எலெக்ட்ரீஷியன்கள் அதிகம் செய்வது இதைத்தான். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

4. சென்சாருக்குப் போகிற ஒயரையும் அதிலிருந்து வருகிற ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுங்கள். அடுத்தடுத்த முறுக்குகளில் ஏறும் இரைச்சல் எதிரெதிராக இருப்பதால் பெரும்பகுதி கழிந்துவிடும். இன்டர்நெட்டுக்கு இழுக்கும் கேபிளில் ஜோடி ஜோடியாக முறுக்கியே வரும். வெயில் படாமல் பைப்புக்குள் விட்டால் போதும்.

5. ஷீல்டு கேபிள் போட்டால் அதன் உறையை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த்தோடு சேருங்கள். டேங்க் பக்க முனையை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்தால், உறை வழியாகவே மின்னோட்டம் பாய்ந்து இரைச்சல் கூடும்.

6. உப்புக் காற்றில் செப்பு ஒயர் பச்சை பூத்துவிடும். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டாமல், ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை ஜாயின்ட்டுகளைப் பார்த்துவிடுவது நல்லது.

7. இத்தனைக்குப் பிறகும் மினுக்கினால்தான் ஃபில்டர். கன்ட்ரோலர் போர்டில் சிக்னல் நுழையும் இடத்தில் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம், இதில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்காகக் குறையும். தண்ணீர் மட்டம் மெதுவாக மாறுவது. ஃபில்டரால் வரும் சின்னத் தாமதம் அதற்கு ஒன்றுமே இல்லை.

8. போர்டில் மைக்ரோகன்ட்ரோலர் இருந்து, புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளைகளும் வீட்டில் இருந்தால், 20 மில்லி செகண்டுக்குள் சம இடைவெளியில் பல அளவுகள் எடுத்து சராசரி பார்க்கச் சொல்லுங்கள். 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று அவ்வளவுதான். ஏற்றமும் இறக்கமும் கழிந்துவிடும். மிதவைக்குப் பதில் அல்ட்ராசானிக் சென்சார் வைத்திருந்தால் சராசரி சரிப்படாது. எப்போதாவது தாறுமாறாக ஒரு அளவு வந்து மொத்தத்தையும் இழுத்துவிடும். ஐந்து அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும்.

9. மோட்டாரை நிறுத்தும் மட்டத்துக்கும் மறுபடி ஓடவைக்கும் மட்டத்துக்கும் நல்ல இடைவெளி வையுங்கள். இது இல்லாவிட்டால் எந்த ஃபில்டரும் ரிலேயைக் காப்பாற்றாது.

10. ரிலே அணையும் கணத்தில் போர்டே ரீசெட் ஆகிறதா? 12 வோல்ட் டி.சி. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடைத் தலைகீழாகப் போடுங்கள். ஓரிரு ரூபாய் சாமான்.

11. எதைத் தொடுவதற்கு முன்பும் மெயினை அணையுங்கள். டேங்குக்குப் போகும் சென்சார் ஒயரில் 230 வோல்ட் நேரடியாக ஓடும் பழைய இணைப்பு உங்கள் வீட்டில் இருந்தால், அதை முதலில் மாற்றுங்கள். இரைச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.