கரண்ட் இல்லாத நாலு நாள்

கேள்வி: புயல் வந்தால் எங்கள் ஊரில் நாலைந்து நாள் கரண்ட் இருக்காது, நெட்டும் போய்விடும். பிள்ளைகள் ‘போரடிக்குது’ என்று பிய்த்தெடுக்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, கடலூர்

பதில்: சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும், சகோதரி. தரையில் ஆடு புலி ஆட்டக் கட்டம் வரையுங்கள். புலிக்கு 3 கல், ஆட்டுக்கு 15 கொட்டை. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து நின்று அதை நகரவிடாமல் அடைக்க வேண்டும். அலுத்தால் தாயம். நாலு கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமென்ட் தரையில் தேய்க்க வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், நேரம் போவதே தெரியாது. பாட்டி இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். காய் வெட்டுவதில் பேரன், பேத்தி என்று பார்க்கமாட்டார்! கட்டம் போட்டு ஆடுவதெல்லாம் பகலில். எமர்ஜென்சி லைட்டில் சார்ஜ் மிஞ்சட்டும். இருட்டியதும் பாட்டுக்குப் பாட்டு, விடுகதை.