இமை சரிந்தால் கண்ணாடி போதுமா? தைமஸ் கட்டிக்கு ஒரு வழிகாட்டி

காலையில் தறிக்குழியில் இறங்கும்போது கண் தெளிவாக இருக்கும். பொழுது சாயச் சாய இமை சரியும். பாவில் ஓர் இழை இரண்டாகத் தெரியும். சந்தவாசல் நெசவாளர் இதை வேலை அசதி என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றுவார். சரிந்த இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்ததும் அது உயர்ந்தால், மயஸ்தீனியா என்னும் தசைத்தளர்ச்சி நோயா என்று பார்க்க வேண்டும். அந்த நோயாளிகளில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு நெஞ்செலும்பின் பின்னால், தைமஸ் சுரப்பியில் தைமோமா என்னும் கட்டி இருக்கிறது.

முதல் கேள்வி, ஊசி போட்டுச் சதை எடுப்பதா, நேரே அறுவையா என்பது. சி.டி. ஸ்கேனில் கட்டி உறைக்குள் அடங்கித் தெரிந்தால் பெரும்பாலும் நேரே அறுவைதான். பக்கத்து ரத்தக்குழாயைப் பற்றியிருந்தாலோ வேறு புற்று என்ற சந்தேகம் இருந்தாலோதான் ஊசி.

துளை வழியா, நெஞ்செலும்பைப் பிளந்தா? தழும்பின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்வது தப்பு. உறை கிழிந்தால் சிந்திய செல்கள் நுரையீரல் உறையில் ஒட்டி, சில வருடம் கழித்தும் முளைக்கும். சின்னக் கட்டிக்குத் துளை போதும். பெரிதென்றால் பிளப்பதே பத்திரம்.

முழுக்க எடுத்த ஆரம்பநிலைக் கட்டிக்குக் கதிர்வீச்சு வேண்டியதில்லை. பரவியதற்கு வேண்டியிருக்கும். சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை இருக்கிறது. இதயத்துக்குப் போகும் கதிரைக் குறைக்கும். அதற்காகக் காணியை விற்குமுன் வழக்கமான கதிர்வீச்சு போதாதா என்று கேட்டுவிடலாம். எடுக்க முடியாத கட்டியை சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுத்துச் சுருக்கியபின் அறுப்பார்கள். புதிய இம்யூனோதெரபி மருந்துகள் தைமோமாக்காரர்களின் இதயத் தசையையே தாக்கக்கூடும். புதுசு என்பதற்காகக் கேட்டு வாங்குகிற மருந்து அல்ல.

எங்கே போவது? அடையாறு புற்றுநோய் மையம் 1954 முதல் இயங்குகிறது. ஆனால் இமை சரிகிறவர் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு பஸ் ஏறுவதே மேல். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் நரம்பியல், நெஞ்சறுவை, கதிர்வீச்சு மூன்றும் உண்டு. தசைத்தளர்ச்சி தெரியாமல் மயக்கமருந்து கொடுத்தால், அறுவைக்குப்பின் மூச்சுத் தசை எழாமல் போகலாம். அதனால் ஆபரேஷன் தேதிக்கு முன்பே ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்க வேண்டும். எந்த மருத்துவமனையானாலும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்த அறுவைக்குச் செல்லுமா என்பதைச் சேருமுன் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பத்து வருடம் கழித்தும் இந்தக் கட்டி திரும்பியதுண்டு. ஸ்கேன் படங்களும் நோய்க்கூறு அறிக்கையும் கல்யாணப் பட்டு இருக்கிற பெட்டியிலேயே இருக்கட்டும்.