கடையின் வயரிங்: ட்ரிப் சுவிட்ச் காணாத பழுதை யார் காண்பது?

கடையொன்று தீப்பற்றிய செய்தி பத்திரிகையில் வரும்போது அதன் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "மின்னொழுக்கே காரணமாக இருக்கலாமெனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர்." அத்துடன் செய்தி முடிந்து விடுகின்றது. வாசிக்கும் வர்த்தகரும், "பாவம், அவருக்கு வந்த சோதனை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி விடுகின்றார்.

மின்னியல் ஒப்பந்த வேலையில் பல வருடங்களாக ஈடுபட்டு வருபவன் என்ற வகையில் அந்த ஒரு வரியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். மின்சாரத்தால் ஏற்படும் தீ அநேகமான சந்தர்ப்பங்களில் ஓர் இரவில் பிறப்பதில்லை. பல மாதங்களாக, சில வேளை பல வருடங்களாகக் கடைக்குள்ளேயே வளர்ந்த ஒரு சிறு பழுதின் முடிவே அது. அந்தப் பழுதை முன்கூட்டியே காண முடியும். ஆனால் அதற்கு யாராவது பார்க்க வேண்டும்.

பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும்

"எங்கட கடையில ட்ரிப் சுவிட்ச் இருக்கு, ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் முதலாளிமார் அதிகம். ஆகவே இக்கருவிகள் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் விளங்கிக் கொள்வோம்.

பிரேக்கரின் வேலை, வயர் தாங்கக் கூடிய அளவைவிடக் கூடுதலாக மின்சாரம் ஓடினால் அதை நிறுத்துவதாகும். 20 அம்பியர் பிரேக்கர் என்றால், அந்த வழியில் 20 அம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓட விடாது. இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கொண்டாலும் உடனே விழுந்து விடும்.

ட்ரிப் சுவிட்ச் வேறொரு கணக்கைப் பார்க்கின்றது. லைன் வயரில் போகும் மின்சாரமும் நியூட்ரல் வயரில் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்பதே அக்கணக்கு. இடையில் 30 மில்லி அம்பியர் அளவு குறைந்தாலும், அது ஒரு மனிதனின் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குப் போகின்றது என்று எடுத்துக் கொண்டு இணைப்பைத் துண்டிக்கின்றது. உயிரைக் காக்கும் கருவி இது. கட்டாயம் இருக்க வேண்டியது.

ஆனால் இவை இரண்டுமே காணாத பழுதொன்று உண்டு. அதுதான் இறுக்கம் தளர்ந்த இணைப்பு, அதாவது லூஸ் கனெக்ஷன்.

கிழக்கின் கரையோர நகரொன்றில் உள்ள புடவைக் கடைக்கு ஒருமுறை என்னை அழைத்திருந்தார்கள். ஏசி இயங்க ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் மின்குமிழ்கள் மங்குவதாகவும், ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிப் பூட்டும்படி ஒருவர் ஆலோசனை கூறியதாகவும் முதலாளி சொன்னார். மின்பகிர்வுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நியூட்ரல் வயரை இறுக்கியிருந்த திருகாணி முழுதாக ஒரு சுற்றுத் தளர்ந்து இருந்தது. அந்த வயரின் மேலுறை ஓர் அங்குலத்துக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. "தம்பி, பிரேக்கர் எல்லாம் புதிசுதானே, ட்ரிப் சுவிட்சும் போட்டிருக்கு. அப்ப இது ஏன் விழல்ல?" என்று அவர் கேட்டார். மிக நல்ல கேள்வி.

விடை இதுதான். தளர்ந்த இணைப்பில் ஓடும் மின்சாரம் கூடுவதில்லை. ஆகவே பிரேக்கருக்கு எதுவும் தெரியாது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகின்றது. ஆகவே ட்ரிப் சுவிட்சுக்கும் எதுவும் தெரியாது. கூடுவது அந்த இடத்தின் வெப்பம் மாத்திரமே.

சிறு கணக்கொன்று

தளர்ந்த இணைப்பின் தடை 0.1 ஓம் என்று வைத்துக் கொள்வோம். அதனூடாக 10 அம்பியர் ஓடினால் அவ்விடத்தில் 10 வொட் வெப்பம் பிறக்கும். 20 அம்பியர் ஓடினால் 20 வொட் என்று நினைக்க வேண்டாம், 40 வொட். மின்சாரம் இரு மடங்காகும்போது வெப்பம் நான்கு மடங்காகின்றது. 40 வொட் என்பது ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சோல்டரிங் அயனின் வலுவாகும். அப்படிப்பட்ட ஒன்றை உங்கள் கடைச் சுவருக்குள் காலை முதல் இரவு வரை சூடாக்கி வைத்திருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

சாதாரண பீ.வீ.சி. வயரின் மேலுறை 70 பாகை செல்சியஸ் வரை தாங்குவதற்கே செய்யப்பட்டது. அதைத் தாண்டித் தொடர்ந்து சூடேறினால் அது காய்ந்து, வெடித்து, கருகும். இணைப்பு மேலும் தளரும், தடை மேலும் கூடும், வெப்பமும் கூடும். கடைசியில் பிரேக்கர் விழத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன்பே பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டி எரிய ஆரம்பித்திருக்கும்.

புதுடில்லி தந்த பாடம்

ஓர் இணைப்பு சரியாக இறுக்கப்படாததால் என்ன நேரும் என்பதற்கு அண்டை நாட்டில் உலகறிந்த உதாரணமொன்று உண்டு. 1997 ஜூன் 13ஆம் திகதி புதுடில்லியின் உபஹார் திரையரங்கில் ஏற்பட்ட தீ அது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மின்விநியோக நிறுவனத்தின் மின்மாற்றி ஒன்று இருந்தது. அன்று காலை அதில் சிறு தீ ஏற்பட்டு அணைக்கப்பட்டது. திருத்த வந்தவர்கள் கேபிள் முனையை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் பொருத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தி, மீண்டும் மின்சாரத்தைக் கொடுத்து விட்டுச் சென்றனர்.

மாலையில், படம் ஓடிக் கொண்டிருந்த வேளையில் அந்த இணைப்பு கழன்றது. தீப்பொறி பறந்தது, மின்மாற்றியின் எண்ணெய் வெளியேறி எரிந்தது, அருகில் நிறுத்தப்பட்டிருந்த வாகனங்களும் பற்றிக் கொண்டன. புகை மேலே பல்கனிக்கு ஏறியது. வெளியேறும் வழிகளில் ஒன்று ஆசனங்கள் போடப்பட்டு அடைக்கப்பட்டிருந்தது. 59 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

வர்த்தகர்கள் இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உள்ளது. மின்மாற்றி திரையரங்கு உரிமையாளர்களுடையதல்ல. திருத்தியவர்களும் அவர்களது ஊழியர்கள் அல்லர். ஆயினும் கட்டடத்தின் பாதுகாப்பில் காட்டிய அலட்சியத்துக்காக உரிமையாளர்களும் குற்றவாளிகளே என்ற தீர்ப்பை 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. "வயரிங் செய்தவன் விட்ட பிழை" என்று கூறிக் கடைக்காரர் தப்பி விட முடியாது.

நமது கடைகளில் இணைப்புகள் தளர்வது ஏன்?

முதலாவது காரணம், அன்றாட வெப்பம். பகலில் சூடேறி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கும் செப்புக் கம்பி காலப்போக்கில் திருகாணியின் பிடியிலிருந்து சிறிது சிறிதாகத் தளர்கின்றது. நன்றாகச் செய்யப்பட்ட வேலையிலும் இது நடக்கும்.

இரண்டாவது, கடற்காற்று. கொழும்பு, பேருவளை, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர நகரங்களில் உப்புக் காற்று பட்டுச் செப்புக் கம்பியில் பச்சை நிறப் பூச்சு படிகின்றது. அதுவும் தடையைக் கூட்டும்.

மூன்றாவது, கடை வளர்கின்றது, வயரிங் வளர்வதில்லை. வீடாகக் கட்டப்பட்டதைக் கடையாக மாற்றியிருப்போம். இரண்டு மின்குமிழுக்கென இழுத்த 1/1.13 வயரிலிருந்து பிறகு ஏசிக்கும் இணைப்புக் கொடுத்திருப்போம். 2000 வொட் கேத்தல் ஒன்று மாத்திரம் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கின்றது. பிரேக்கர் அடிக்கடி விழுகின்றது என்பதற்காகச் சிலர் அதை அகற்றி, பெரிய பிரேக்கரைப் பூட்டுகின்றார்கள். இது காய்ச்சலைக் காட்டும் தேர்மோமீட்டரை உடைப்பதைப் போன்றது. வயர் அதே மெல்லிய வயர்தான். காவலாளியை மட்டும் உறங்க வைத்து விட்டோம்.

நான்காவது, சீசன். பெருநாள் காலத்திலும் சித்திரைப் புத்தாண்டிலும் அலங்கார விளக்குகள், மேலதிக மின்விசிறிகள் என்று எல்லாமே எக்ஸ்டென்ஷன் கோட்டில் தொங்குகின்றன. வருடத்திலேயே ஆகக் கூடுதலான சரக்கும் ஆகக் கூடுதலான கூட்டமும் ஆகக் கூடுதலான மின்சுமையும் ஒரே வாரத்தில் சேர்கின்றன.

ஐந்தாவது, ஜெனரேட்டர். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது பலர் அவசரமாக ஜெனரேட்டர் வாங்கினர். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக் சொக்கட்டின் வழியே மின்சாரத்தை உள்ளே விட்டவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போய், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைப் பறிக்கலாம். அந்த அவசர இணைப்பு உங்கள் கடையில் இன்னும் இருக்குமாயின் உடனே அதை அகற்றுங்கள்.

நியூட்ரல் தளர்ந்தால்

மூன்று பேஸ் இணைப்புள்ள கடைகளில் பிரதான நியூட்ரல் இணைப்பு தனிக் கவனத்துக்குரியது. அது கழன்றால் பேஸ்களுக்கிடையிலான சமநிலை குலைந்து விடும். 230 வோல்டுக்குச் செய்யப்பட்ட குளிர்சாதனப் பெட்டிக்கும் கணினிக்கும் 400 வோல்டை நெருங்கிய அழுத்தமும் செல்லக் கூடும். ஒரே நேரத்தில் பல சாதனங்கள் எரிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். சில மின்குமிழ்கள் வழமையைவிடப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் மெயின் சுவிட்சை உடனே நிறுத்தி விடுங்கள்.

பழுது தரும் அறிகுறிகள்

இப்பழுதைக் கருவி காணாவிட்டாலும் கண்ணும் மூக்கும் கையும் காணும்.

- பிளக் அல்லது சுவிட்ச் தொடும்போது சூடாக இருத்தல்.
- சொக்கட்டைச் சுற்றிப் பழுப்பு அல்லது கறுப்பு நிறம்.
- காரணமின்றி மீன் வாடை போன்ற நாற்றம். சூடேறும் பிளாஸ்டிக்கிலிருந்து இவ்வாறான வாடை வருவதுண்டு.
- மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து 'கிர்' என்ற மெல்லிய சத்தம்.
- பெரிய சாதனம் இயங்கும்போது மின்குமிழ் மங்குதல் அல்லது துடித்தல்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வழியை நிறுத்தி விட்டு ஆளை அழையுங்கள். "சீசன் முடியட்டும், பார்ப்போம்" என்று பிற்போட வேண்டாம்.

எப்போது எதைச் செய்வது?

தினமும்: கடை மூடும்போது குளிர்சாதனப் பெட்டி, கமரா போன்ற அவசியமானவை தவிர்ந்த ஏனைய வழிகளை நிறுத்துங்கள். இதற்கு வசதியாக அவசியமானவற்றைத் தனி வழியாகப் பிரித்து வைத்துக் கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை: ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான், மாற்றி விடுங்கள். மெயின் சுவிட்சுக்கும் மின்பகிர்வுப் பெட்டிக்கும் முன்னால் மூன்று அடியாவது சரக்கின்றி வெறுமையாக உள்ளதா என்றும் பாருங்கள். தீ பிடித்த நேரத்தில் மெயின் சுவிட்சைத் தேடிப் பெட்டிகளை அகற்றிக் கொண்டிருக்க முடியாது.

வருடம் ஒருமுறை: தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு, மின்சாரத்தை நிறுத்திய பின், எல்லா இணைப்புகளையும் சோதித்து இறுக்கச் செய்யுங்கள். கருகிய முனையை அப்படியே இறுக்க விடாமல், வெட்டிப் புது முனையைப் பொருத்தச் சொல்லுங்கள். எலி கடித்த வயர்களையும், வட்ட முனைப் பிளக்குகளுக்காக வைத்திருக்கும் அடப்டர்களையும் மாற்றுங்கள். 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கே இன்று நம் நாட்டின் நியமமாகும். பெருநாள் சீசனுக்கு ஒரு மாதம் முன்பு இதைச் செய்வது சிறந்தது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை: முழு வயரிங்கையும் கருவிகளால் சோதித்து எழுத்து மூல அறிக்கை பெறுங்கள். பிரித்தானிய வழிகாட்டல்கள் கடைகளுக்குக் கூறும் ஆகக் கூடிய இடைவெளியும் இதுவே. மேலுறைத் தடை 500 வோல்ட் சோதனையில் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த் இணைப்பும் ட்ரிப் சுவிட்ச் விழும் நேரமும் அளக்கப்பட வேண்டும். பெரிய கடைகள் வெப்பக் கமராவால் படம் எடுத்துப் பார்ப்பதும் பயனுள்ளது. எல்லாச் சாதனங்களும் இயங்கும்போது எடுத்தால் சூடான இணைப்பு படத்தில் தனியாகத் தெரியும்.

யாரைக் கொண்டு செய்விப்பது?

என்.வி.கியூ. சான்றிதழும் அனுபவமும் உள்ள ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுத்து அனுப்பி விடாமல், என்ன பார்த்தார், எதை மாற்றினார் என்பதைத் திகதியுடன் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். அதற்கென ஒரு கொப்பி வைத்துக் கொள்ளுங்கள். மேசன் மாறுவார், வயர்மன் மாறுவார், கொப்பி கடையிலேயே இருக்கும். காப்புறுதி அல்லது தகாபுல் எடுத்திருந்தால் ஒப்பந்தத்தில் பராமரிப்புப் பற்றிக் கூறப்பட்டுள்ள நிபந்தனைகளை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். இழப்பு நேர்ந்த பின் வாசிப்பதில் பயனில்லை.

மெயின் சுவிட்சுக்கு அருகில் காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். மேல்மாடியில் சரக்கோடு சேர்ந்து உறங்குபவர்களும் அவர்கள்தான் என்பதை மறந்து விடக் கூடாது.

லொறிக்கு எண்ணெய் மாற்றத் திகதி வைத்திருக்கின்றோம். தராசுக்கு வருடந்தோறும் முத்திரை பெறுகின்றோம். கடையின் முழுச் சரக்கும் ஊழியர்களின் உயிரும் எந்த வயரில் தங்கியுள்ளதோ, அதற்கும் ஒரு திகதி வேண்டும். இந்த வாரமே டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள். எங்கே சூடு இருக்கின்றதோ, அங்கிருந்து வேலையை ஆரம்பியுங்கள்.