பிள்ளை இன்னொரு துளை கேட்கும்போது

குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுகிறோம். அதனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதே பிள்ளை பதினைந்து வயதில் மேல்காதிலோ மூக்கிலோ இன்னொரு துளை கேட்டால் வீட்டில் சண்டை மூள்கிறது. மகன் கேட்டுவிட்டால் இன்னும் பெரிய சண்டை. நம் பாட்டிமார் மேல்காதில் கொப்பும் முருகும் போட்டவர்கள்தான். அதனால் ‘இது நம் வழக்கம் இல்லை’ என்ற பேச்சு எடுபடாது. ஒரேயடியாக மறுத்துவிட்டால் விடுதிக் குளியலறையில் தோழி கையில் ஊக்கோடு அந்தக் காரியம் நடக்கும் அபாயமும் உண்டு. ஆகவே மறுப்பதா சம்மதிப்பதா என்று தீர்மானிக்கும் முன், எந்த இடம், என்ன உடல்நிலை, எந்த மாதம், யார் கை என்று வரிசையாகப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

முதலில் இடம். பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். காதின் கீழ்த்தொங்கல் சதையும் கொழுப்பும்தான். ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும். அங்கிருந்து விரலால் மேலே தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கெட்டியாகத் தட்டுப்படும். அது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்திய மெல்லிய உறையிலிருந்துதான் ஊட்டம் கசிந்து வருகிறது. அங்கே சீழ் கோத்தால் உறை விலகிவிடும். ஊட்டமில்லாமல் குருத்தெலும்பு செத்துப்போகும். காது சுருங்கி மடங்கிவிட்டால் அறுவைசிகிச்சை செய்தாலும் பழைய வடிவம் முழுதாகத் திரும்புவது கடினம். இந்த நாசத்தைப் பெரும்பாலும் செய்வது ஈரத்தில் வாழும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப்போடும் அமாக்ஸிசிலின் அதை ஒன்றும் செய்யாது. மேல்காதுத் துளை முழுதாக ஆற நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

மூக்குத்திக்கு இரண்டு முதல் நான்கு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். மூக்குக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி பலருக்கு இயல்பாகவே குடியிருப்பதால் விரல் உள்ளே போகக் கூடாது. தொப்புள் துளை ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். பாவாடை நாடாவும் ஜீன்ஸ் இடுப்பும் உரசிக்கொண்டே இருக்கும். நாக்கில் போட்டால் முதலில் வீக்கம், பிறகு உலோகம் இடித்துப் பல் சில்லுப்போவது, ஈறு கீழிறங்குவது. அலகு குத்துகிறார்களே என்று பிள்ளை கேட்கலாம். அலகு நேர்த்திக்கடன் முடிந்ததும் எடுக்கப்பட்டுவிடும். இந்த நகை மாதக்கணக்கில் வாய்க்குள் கிடப்பது. என் கருத்தைக் கேட்டால், கீழ்க்காதுக்கும் மூக்குக்கும் சம்மதிக்கலாம். மேல்காதுக்குக் கீழே வரும் நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால் மட்டும் சம்மதிக்கலாம். நாக்கு, உதடு, தொப்புள் மூன்றும் 18 வயதுக்குப் பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும்.

அடுத்து, பிள்ளையின் உடல். இடது தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பைப் பாருங்கள். தடித்துப் புடைத்து, ஊசி போட்ட இடத்தையும் தாண்டிப் பரவியிருக்கிறதா? அம்மாவின் சிசேரியன் தழும்பும் அப்படி வளர்ந்ததா? அப்படியென்றால் கெலாய்டு வரும் உடல்வாகு. நம்மைப் போன்ற கருமை கலந்த தோலுக்கு அது கூடுதலாகவே வரும். பத்திலிருந்து முப்பது வயது அதற்கு உகந்த பருவம். துளை ஆறிய பல மாதம் கழித்துக்கூடக் கட்டி கிளம்பலாம், வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரலாம். இந்த ஒரு காரணத்துக்காக ‘வேண்டாம்’ என்று உறுதியாகச் சொல்லலாம், தழும்பைக் காட்டியே சொல்லலாம். பிறவி இதயக் கோளாறு, ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான வால்வு, சர்க்கரை நோய், தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை, பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் நகராதீர்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி நாடு முழுக்கப் பரவியது 2011-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் பிறந்த சிலருக்கு விட்டுப்போயிருக்கலாம். 10, 16 வயதுகளில் போடவேண்டிய டெட்டனஸ்-டிப்தீரியா (Td) ஊசியும் முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நாள்காட்டி. இதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. நீட் தேர்வறைக்குள் தோடு, மூக்குத்தி எதையும் விடமாட்டார்கள். பல பள்ளிகளிலும் கழற்றச் சொல்வார்கள். புதுத் துளையிலிருந்து நகையைக் கழற்றினால் சில மணி நேரத்திலேயே தூர ஆரம்பித்துவிடும். திரும்ப நுழைக்கப்போய்ப் புண்ணாகும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை தேர்வு முடியும்வரை காத்திருப்பதே சரி. கோடை விடுமுறையில் குத்திக்கொண்டால் கிணறு, குளம், நீச்சல்குளம், குற்றாலம் எல்லாவற்றையும் துளை ஆறும்வரை விட வேண்டும். கபடி, வாலிபால் ஆடும் பிள்ளையானால் பருவப் போட்டிகள் முடியட்டும்.

பிறகுதான் ஆள் தேடுவது. நகைக்கடையிலும் பியூட்டி பார்லரிலும் வைத்திருக்கும் ‘கன்’ கூராகத் துளைப்பதில்லை. மழுங்கலான தோட்டை வேகத்தோடு சதைக்குள் அறைகிறது. குருத்தெலும்பு அதில் விரிசல் விடலாம். அதன் பிளாஸ்டிக் உடம்பு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவின் சூட்டைத் தாங்காது, ஸ்பிரிட்டால் துடைத்து அடுத்தவருக்கு எடுப்பார்கள். மேல்காதுக்கும் மூக்குக்கும் அது வேண்டவே வேண்டாம். காது குத்தும் ஆசாரியின் கைத்தேர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஊசியைத் தீயில் காட்டுவதும் டெட்டாலில் முக்குவதும் ஹெபடைடிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் போதிய காப்பு ஆகாது. தோல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், அல்லது ஒருமுறை மட்டும் பயன்படும் உட்துளை ஊசி வைத்திருக்கும் பயிற்சி பெற்றவர் என்று தேடுங்கள். ஒருநாள் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா, கையுறை புதிதா, மற்றக் கருவிகளை 121 டிகிரி நீராவியில் வேகவைக்கிறார்களா என்று கேளுங்கள். கேள்விக்கு முகம் சுளிக்கும் கடையில் குத்திக்கொள்ள வேண்டாம். பெற்றோர் வரவேண்டும் என்று அவர்களே சொன்னால் நல்ல அடையாளம்.

நகை இம்பிளான்ட் கிரேடு டைட்டானியமாக இருந்தால் நல்லது. கவரிங் நகையை முதல் தோடாகப் போடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நிக்கல் அரிப்பும் கொப்புளமும் கொண்டுவரும். வெள்ளைத் தங்கத்திலும் பல சமயம் நிக்கல் உண்டு. திருகாணியை இறுக்கிவிடாதீர்கள். வீங்குவதற்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் சதைக்குள் புதைந்துவிடும்.

வீடு வந்த பிறகு வேலை எளிது, ஆனால் நீளம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் பஞ்சை நனைத்து, நாளுக்கு இரண்டு முறை துடைக்க வேண்டும். தோட்டைத் திருகிவிடும் பழைய வழக்கம் ஆறிவரும் தோலைக் கிழிக்கும். பாட்டி அன்போடு கொண்டுவரும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் துளையை அடைத்து நீர் வடியாமல் செய்துவிடும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதுத் தோலைப் பொசுக்கும். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். அந்தப் பக்கம் படுக்கவோ இயர்போன் மாட்டவோ கூடாது. இதையெல்லாம் பிள்ளையே செய்ய வேண்டும், நீங்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள். பருக் களிம்பைக்கூட நான்கு நாளில் மறந்துவிடும் பிள்ளையானால் ஒரு வருடம் தள்ளிவைக்கலாம்.

முதல் சில நாள் லேசான வீக்கமும், தெளிந்த நீர் காய்ந்து பொருக்குக் கட்டுவதும் இயல்பு. மேல்காது சிவந்து சூடாகி, தொட்டால் துடிக்கிற வலியோடு இருந்து, கீழ்த்தொங்கல் மட்டும் சாதாரணமாகத் தெரிந்தால் அது குருத்தெலும்பு உறையில் கிருமி இறங்கியதன் அறிகுறி. காய்ச்சல் வரும்வரை பார்க்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நகையை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். துளை போட்டு எத்தனை நாள் ஆயிற்று, என்ன மருந்து ஏற்கெனவே போட்டீர்கள் என்பதைப் போனவுடன் சொல்லிவிடுங்கள். எந்தக் கிருமிக்கு மருந்து கொடுப்பது என்பதை மருத்துவர் அதையும் வைத்து முடிவுசெய்வார்.